பட்டறை வாசலில் மட்டும் கிளம்பும் வண்டி

எங்கள் மோட்டார்ஹோம் ஸ்டார்ட் ஆவதில்லை என்று சொன்னால் எந்த மெக்கானிக்கும் நம்பத் தயாராக இல்லை. அவர்களிடம் கொண்டுபோய் விட்டால் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது. மறுநாள் காலையில் கிளம்புகிறது, மதியம் கிளம்புகிறது, சாயங்காலம் பட்டறையை மூடும் முன்பு இன்னொரு தடவை திருகிப் பார்க்கிறார்கள், அப்போதும் கிளம்புகிறது. பில்லில் ‘வாடிக்கையாளர் சொன்ன குறை தென்படவில்லை’ என்று ஒரு வரி எழுதி, பார்த்த நேரத்துக்குக் கூலியும் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த பயணத்திலேயே பெட்ரோல் பங்கில், பின்னால் நாலு வண்டி காத்திருக்க, ‘டக்’ என்று ஒற்றைச் சத்தம் போட்டுவிட்டு அடம்பிடித்து நிற்கிறது. வண்டி என்றால் கெட்டுப்போகத்தான் செய்யும், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. தென்படவில்லை என்று எழுதிப் பணம் வாங்கும் அந்த ஒரு வரிதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மோட்டார்ஹோம் என்றால் ஊரில் சினிமாக்காரர்கள் கேரவன் என்று வைத்திருக்கிறார்களே, அந்த இனம்தான். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களும் பழையதாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, விடுமுறைக்குத் தேசியப் பூங்காக்களுக்குப் போய்வரும். எங்களுடையது சி வகுப்பு. முன்னால் வேன் மூக்கு, டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை, பின்னால் அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை. பதினோரு அடி உயரம், முழுச் சுமையில் ஆறு டன்னுக்கு மேல் எடை. இதை ஏற்றித் தூக்கும் லிஃப்ட் எல்லாப் பட்டறையிலும் இல்லை. பல பட்டறைகளின் வாசலுக்குள்ளேயே இது நுழையாது. அதனால் கார் மெக்கானிக்கிடம் பேரம் பேசி, பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போகிற வசதி எங்களுக்குக் கிடையாது.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர் இது. கோடை வந்தால் ஊரே வடக்கே மலைக்குப் போகும். ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 230 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஐ-17 நெடுஞ்சாலை 300 சொச்சம் மீட்டர் உயரத்திலிருந்து 2,100 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. ஆறு டன்னை இழுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறினால் இன்ஜின் அறைக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதி ஏற்றத்தில் சன்செட் பாயின்ட் என்ற ஓய்விடம் வருகிறது. எல்லாரும் கால் நீட்டிக்கொள்ள இறங்குவோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’. அவ்வளவுதான். டாஷ்போர்டு விளக்கு மங்கவில்லை, ஹாரன் அலறுகிறது, ரேடியோ பாடுகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தால், எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும். சில நாள் காத்திருந்தாலும் கிளம்பாது. சில நாள் காத்திருக்கவே வேண்டாம்.

வீட்டுப் பகுதிக்குத் தனி பேட்டரி என்பதால் பின்பக்கம் எல்லாம் வேலை செய்கிறது. ஜெனரேட்டர் ஓடுகிறது, கூரை ஏசி ஓடுகிறது, பிள்ளைகள் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். போக மட்டும் முடியாது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் இறங்கி வந்து, “மாப்ள, நாலு பேரைக் கூப்புட்டுத் தள்ளிப் பாத்துருவமா?” என்றார். நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவர் அவர். “இது ஆட்டோமேட்டிக் மாமா, தள்ளினாலும் கிளம்பாது” என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. இந்த கியர் பாக்ஸில் சக்கரம் உருள்வதால் இன்ஜின் சுற்றாது. இன்ஜின் ஓடினால்தான் உள்ளே ஆயில் அழுத்தம் வரும், அந்த அழுத்தம் வந்தால்தான் கியர் பிடிக்கும். இழுத்துப் போக லாரிகளை இழுக்கும் பெரிய டோ வண்டி வேண்டும், அது வர எத்தனை மணி நேரமாகும் என்று யாரும் சொல்வதில்லை. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவரை வைத்துக்கொண்டு பாலைவனத்தில் உட்கார்ந்திருப்பது விளையாட்டுச் சங்கதி இல்லை.

இத்தனைக்கும் இது ராக்கெட் சமாச்சாரமும் இல்லை. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரோடு காடிலாக் கார் விற்பனைக்கு வந்தது 1912இல். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை: ஒரு பேட்டரி, ஒரு மோட்டார், தடித்த கேபிள், நடுவில் கனமான கரண்டைச் சேர்த்து விடும் சொலினாய்டு, கரண்ட் திரும்பிவர ஒரு எர்த் பாதை. சாவியைத் திருப்பினால் சின்ன கரண்ட் ரிலே வழியாகப் போய் சொலினாய்டை இழுக்கிறது. சொலினாய்டு பெரிய கரண்டை மோட்டாருக்கு விடுகிறது. நூறு வருஷத்துக்கு மேல் புழக்கத்தில் இருக்கிற ஏற்பாடு.

வண்டி நிற்கும்போது வருகிற சத்தமே பாதி சேதி சொல்லிவிடும். சத்தமே இல்லையென்றால் சாவி, ரிலே, கியர் பார்க்கில் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச், இந்தப் பக்கம் தேட வேண்டும். ‘டகடகடக’ என்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சக்தி இல்லை அல்லது அதன் முனை பூத்துப்போயிருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், ஸ்பார்க், கிராங்க் சென்சார். அந்தச் சென்சார் சூட்டில் செத்து ஆறியதும் பிழைக்கும் ரகம் என்பது தொழில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஒற்றை ‘டக்’ வந்து, விளக்கும் மங்காமல் இருந்தால், சொலினாய்டு இழுத்துவிட்டது, மோட்டாருக்குப் போக வேண்டிய பெரிய கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். எங்கள் வண்டியில் எப்போதும் இந்தக் கடைசி ரகம்தான். கேட்ட பட்டறையிலெல்லாம் இதைச் சொன்னேன், ஃபோனில் எடுத்த வீடியோவையும் காட்டினேன். தலையாட்டிவிட்டு ஒவ்வொருவரும் கையில் எடுத்தது கம்ப்யூட்டரைத்தான்.

அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார்களில் ஓபிடி 2 பிளக் கட்டாயம். அதில் ஸ்கேனரைச் செருகினால் எந்தச் சென்சார் என்ன குறை சொல்கிறது என்று ‘கோடு’ எனும் குறியீட்டு எண் வரும். நல்ல வசதி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எர்த் பாதையில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்க அதில் சென்சாரே கிடையாது. கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்? ‘கோடு எதுவும் இல்லை, அதனால் கோளாறு எதுவும் இல்லை’ என்று ஒரு சர்வீஸ் மேனேஜர் என் முகத்துக்கு நேரே சொன்னார். வண்டி நின்ற இடத்தின் பெயர், அன்றைய வெயில், ஓடிய தூரம் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்த தாள் அவர் மேஜையிலேயே மடங்கிக் கிடந்தது.

கோளாறு இல்லை என்று சொல்லியும் நாங்கள் விடாமல் வந்து நின்றால், அடுத்ததாக பார்ட் மாற்றும் படலம். முதலில் பேட்டரி. பிறகு ரிலே. பிறகு செல்ஃப் மோட்டாரே புதிது. பிறகு சாவி சுவிட்ச். ஒவ்வொரு தடவையும் ‘இதுவாகத்தான் இருக்கும்’ என்ற உறுதி. பழைய செல்ஃபை மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் அது நன்றாகவே சுற்றியது. நன்றாகச் சுற்றுகிற மோட்டாரைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டியதற்குப் பணமும் கொடுத்தோம். ஒவ்வொரு பார்ட்டுக்குப் பின்னும் வண்டி சில நாள் ஒழுங்காக ஓடும். கழற்றி மாட்டும்போது சுற்றியுள்ள கேபிள்கள் அசைகின்றன, அதனால் வரும் தற்காலிக நிவாரணம் அது. அந்தச் சில நாளை வைத்து, சரி செய்துவிட்டோம் என்று பட்டறைக்காரர் கணக்கை முடித்துவிடுகிறார்.

என்ன கொடுமை என்றால், இதை அளந்து கண்டுபிடிக்கும் வழி மிகவும் எளிது. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. இதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். பேட்டரியில் இருக்கிற வோல்ட் மோட்டாருக்கு வந்து சேர்கிறதா என்பது அடுத்த கேள்வி. மல்டிமீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முள்ளை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். எர்த் பாதை ஒழுங்காக இருந்தால் 0.2 வோல்ட் அளவுதான் காட்டும். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் வழியில் தொலைகிற வோல்ட். பாசிட்டிவ் பக்கமும் இதேபோல, 0.5க்குள் இருக்க வேண்டும். ஆள் ஒருவர் சாவியைத் திருப்ப, ஒருவர் மீட்டரைப் பார்க்க, சில நிமிட வேலை.

கனெக்‌ஷன் இருக்கிறதா என்று மீட்டரை ‘பீப்’ அடிக்க வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது. அதைத்தான் எல்லாரும் செய்தார்கள். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர், 200 ஆம்பியர் என்று இழுக்கிறது. அந்தப் பாதையில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 150 ஆம்பியரில் 3 வோல்ட் காணாமல் போய்விடும். சாதாரண மீட்டரின் வயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை இருக்கிறது, அது எப்படி 0.02 ஓமைக் காட்டும்? பாதி அடைத்த குழாயில் சொம்புத் தண்ணீர் பிடிக்கும்போது ஒன்றும் தெரியாது, மோட்டார் போட்டு இழுக்கும்போதுதான் தெரியும். அதனால் பெரிய கரண்ட் ஓடும்போது, அதிலும் வண்டி நின்றுபோன அந்த நேரத்தில், அளந்தால்தான் உண்டு. சூடும் சேர்ந்துகொள்கிறது. செம்பின் தடை 80 டிகிரி கூடினால் ஏறக்குறைய 30 சதவீதம் ஏறும். குளிர்ந்திருக்கும்போது எப்படியோ சமாளித்துச் சுற்றும் மோட்டார், ஏற்றம் ஏறி வந்த சூட்டில் அந்த 3 வோல்ட் இழப்பைத் தாங்காது. பட்டறையில் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டி காலையில் கிளம்பாமல் என்ன செய்யும்?

இன்னொரு சிக்கல் மோட்டார்ஹோமுக்கே உரியது. இந்த வண்டியை ஒரே கம்பெனி கட்டுவதில்லை. இன்ஜின், கியர், சக்கரம், முன்பக்க கேபின் வரை ஒரு வாகனக் கம்பெனி. அமெரிக்க சி வகுப்பு வண்டிகளில் பாதை நெடுகக் காண்பது ஃபோர்டு ஈ வரிசை, செவ்ரலே, மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் போன்ற அடிச்சட்டங்கள். அதை வாங்கி மேலே வீட்டைக் கட்டுவது வேறு கம்பெனி. இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் சுற்றுவட்டாரத்தில் அப்படிக் கட்டும் தொழிற்சாலைகள் நிறைய. வண்டியோடு வருகிற கையேடும் ரெண்டு, வாரண்டியும் ரெண்டு. பழுதடைந்த புது வண்டிக்கு வாடிக்கையாளரைக் காக்கும் ‘லெமன் லா’ சட்டம்கூடப் பல மாநிலங்களில் மோட்டார்ஹோமின் அடிச்சட்டத்துக்குத்தான் பொருந்தும், மேலே இருக்கிற குடியிருப்புப் பகுதிக்குப் பொருந்தாது. இன்ஜின் பேட்டரியும் வீட்டு பேட்டரியும் சேர்ந்து சார்ஜ் ஆக ஒரு ரிலே, அவசரத்துக்கு வீட்டு பேட்டரியிலிருந்து இன்ஜினை எழுப்ப ஒரு சுவிட்ச் என்று வீடு கட்டுகிறவர் தம் பங்குக்கு வயர் இழுக்கிறார். அந்த இணைப்புகளின் வரைபடம் வாகனக் கம்பெனியின் புத்தகத்தில் இருக்காது. அடிச்சட்டக்காரரின் பட்டறைக்குப் போனால், “இந்த வயர் எங்களுடையது இல்லை, வீடு கட்டினவங்ககிட்ட கேளுங்க” என்கிறார்கள். வீட்டுப் பக்கம் பார்க்கிறவரிடம் போனால், “ஸ்டார்ட் ஆகிறது ஆகாதது இன்ஜின் சமாச்சாரம், நாங்க தொட மாட்டோம்” என்கிறார்கள். ரெண்டு பேர் சொல்வதும் அவரவர் வரைக்கும் நியாயமாகவே படும். நடுவில் நிற்கிற குடும்பத்துக்குத்தான் போக இடமில்லை.

கடைசியில் கேம்ப் வெர்டே பக்கம், இருக்கிற இடத்துக்கே வந்து பார்க்கும் மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். அவர் எந்த பார்ட்டையும் கழற்றவில்லை. “இது நிற்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், நீங்கதான் இருப்பீங்க. அதனால மீட்டர் உங்ககிட்ட இருக்கட்டும்” என்றார். பேட்டரி முனைகளிலிருந்தும் இன்ஜின் உலோகத்திலிருந்தும் சின்ன ஃபியூஸ் போட்ட மெல்லிய வயர்களை டிரைவர் சீட் வரைக்கும் இழுத்து, மலிவான மீட்டர் இரண்டை டாஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். ஒன்று பேட்டரியைப் பார்க்கும், இன்னொன்று எர்த் பாதையைப் பார்க்கும். அடுத்து வண்டி நின்றபோது, என் மனைவி ஃபோனில் படம் எடுக்க, நான் சாவியைத் திருப்பினேன். பேட்டரி 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. எர்த் மீட்டர் 3ஐத் தாண்டி நின்றது. இத்தனை காலம் யாருக்கும் தென்படாத குறை, ஒரே படத்தில், எண்ணாக, கையில் இருந்தது.

அதற்கப்புறம் தேட வேண்டிய இடம் மிகச் சின்னது. பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் அடிச்சட்டத்தில் ஒரு போல்ட்டுக்கு வருகிறது. அதே போல்ட்டிலிருந்து இன்ஜினுக்கு ஒரு எர்த் பட்டை போகிறது. வீட்டைக் கட்டியவர்கள் தங்களுடைய எர்த் வயரின் நுனி வளையமான லக்கையும் அதே போல்ட்டில், இந்த இரண்டுக்கும் நடுவே செருகி முடுக்கியிருந்தார்கள். அந்த லக்கில் பச்சைக் களிம்பு ஏறி, போல்ட்டும் இளகிப்போயிருந்தது. அடிச்சட்டத்துக்குப் போகிற பக்கம் உலோகம் நன்றாகப் பிடித்திருந்ததால் விளக்கு, ஹாரன் எல்லாம் சரி. இன்ஜினுக்குப் போகிற பட்டை மட்டும் அந்தக் களிம்பு வழியாக கரண்டைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த மெக்கானிக்கே எல்லாவற்றையும் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, வீட்டு எர்த்துக்குத் தனி போல்ட் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கினார். அதே மீட்டர் இப்போது 0.15 காட்டுகிறது. மாட்டிய சாமான் ஒரு போல்ட்டும் சில வாஷர்களும். அவர் நேரத்துக்குத்தான் காசு வாங்கினார். அதை மனசாரக் கொடுத்தேன்.

அந்த போல்ட்டில் இரண்டு கம்பெனிகளின் வயரும் சந்தித்தன. எங்களிடம் பணம் வாங்கிய எந்தப் பட்டறையும் அதன் பக்கம் போகவில்லை. மாற்றிய பேட்டரி, ரிலே, செல்ஃப், சுவிட்ச் எதற்கும் காசு திரும்பி வராது. ‘பழைய பார்ட்டும் தேய்ந்துதான் இருந்தது’ என்றே எல்லாரும் சொன்னார்கள். எத்தனை தேய்ந்திருந்தது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரிடமும் ஒரு எண் இல்லை.

பட்டறை நடத்துகிறவர்களுக்குத் தொழில் நெருக்கடி இருப்பது எனக்குத் தெரியும். சில நேரம் மட்டும் வருகிற கோளாறுக்காக ஒரு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்துக் காவல் காக்க யாராலும் முடியாது. அப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை. ஆனால் அரை மணி நேரம் வண்டியை ஏற்றத்தில் ஓட்டிவந்து சூட்டோடு சூடாக அளக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வாடிக்கையாளர் கையில் மீட்டரைக் கொடுத்தனுப்பலாம், அந்த மெக்கானிக் செய்த மாதிரி. அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் கொடுக்க நாங்கள் தயார். தேவையில்லாத செல்ஃப் மோட்டாருக்குக் கொடுத்ததைவிட அது குறைவாகவே இருக்கும். வீடு கட்டும் கம்பெனிகள் தாங்கள் சேர்த்த ஒவ்வொரு வயரும் எந்த போல்ட்டில் முடிகிறது என்று ஒரு தாளில் வரைந்து வண்டியோடு கொடுக்க வேண்டும். அடிச்சட்டத்தின் எர்த் போல்ட்டில் தங்கள் வயரைச் செருகக் கூடாது. இதற்கெல்லாம் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

மோட்டார்ஹோம் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். ஊரில் ஓடுகிற ஆம்னி வேனிலும் டெம்போ டிராவலரிலும் இதே பேட்டரி, இதே செல்ஃப், இதே எர்த் கேபிள்தான். அடுத்த தடவை, “செல்ஃப் போயிருக்கும் சார், மாத்திரலாம்” என்று மெக்கானிக் சொன்னால், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று கேளுங்கள். அந்த எண்ணை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவரிடம் பார்ட் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.